வராதே என்று வழியனுப்பியவர்

கிள்ளான் நகர் தந்த கருணைக் கடலே! குருதி குன்றியோர்க்குக் கைகொடுத்த குணக்குன்றே! ஊசி முனையிலும் உள்ளன்பு குறையாத உத்தமியே! இரவென்றும் பகலென்றும் பாராமல், இனமென்றும் மொழியென்றும் பிரிக்காமல், நோயுற்றோர் நொந்தபோது உடன் நொந்து, நலமுற்றோர் நகைத்தபோது உடன் நகைத்து, எங்கள் பகல்நேர இரத்தச் சிகிச்சைப் பிரிவைத் தம் இல்லமாகவே ஏற்று நடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய தலைமைத் தாதி சிஸ்டர் அமுதவள்ளி அவர்களே! பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி மண்டபத்தில் கூடியிருக்கும் உடன்பணியாளர்களின் உளங்கனிந்த வணக்கம்!

இந்நேரம் சிஸ்டர் கைப்பையை எடுத்து மடியில் வைத்திருப்பார். எழுந்து போகப்போகிறார் என்பதற்கு அதுவே அடையாளம். மேலே உள்ள விளிகளை எழுதியவர் எங்கள் பிரிவில் சக்கர நாற்காலி தள்ளும் ஜெயராஜ். 'குணக்குன்றே' என்று எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அதே வேகத்தில் இன்னும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். தாதி மலர் அதை வாங்கிக் கத்தரித்துவிட்டார். கடந்த தைப்பூசத்திலிருந்து யார் புகழ்ந்தாலும் சிஸ்டருக்கு முகம் தொங்கிப்போகிறது. ஆகவே அவரைப் பார்த்து அல்ல, அவையோரே, உங்களைப் பார்த்து அவரைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்கிறோம். பாதியை அவரே கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் மலரிடம் சொன்னார். மீதியை நாங்கள் கண்ணால் கண்டோம்.

நம்மவர் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்பதுதான் முறை. இரண்டு இடங்களில் மட்டும் அந்த 'வரேன்' நாக்கில் வரக்கூடாது. ஒன்று சாவு வீடு, மற்றது ஆஸ்பத்திரி. இது ஊரறிந்த வழக்கம். சிஸ்டர் அமுதவள்ளி இதை ஒரு சடங்காகவே ஆக்கி வைத்திருந்தார். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் முதல் வருடத்தைத் தாண்டிவிட்டால், லிஃப்ட் வரைக்கும் தாமே கைபிடித்துக் கூட்டிப்போவார். வாயில் ஒரு துண்டு கற்கண்டு போடுவார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "போ. இந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்காத. உன் மூஞ்சிய இனிமே நான் இங்க பாக்கக் கூடாது. நூறு வருஷம் நல்லா இரு" என்பார். லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்பே திரும்பி நடந்துவிடுவார். மலாய்க்காரத் தாய்மாருக்கும் சீனத் தகப்பன்மாருக்கும் தமிழ் புரியாவிட்டாலும் கற்கண்டு புரிந்தது. நாங்களும் கைதட்டி அனுப்பி வைப்போம்.

அப்படி அனுப்பி வைக்கப்பட்டவர்களில் ஒருவன் பந்திங் ஊரைச் சேர்ந்த யுகேந்திரன். அவனுக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே ஊறவைக்க முடியாத நோய். தவழும் வயதிலிருந்து மாதாமாதம் யாரோ ஒருவருடைய இரத்தம் ஏறித்தான் அவன் அடுத்த மாதத்தைப் பார்த்தான். அப்பா நாகையா செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர். மனைவி போன பிறகு யுகேந்திரனையும் அவன் தங்கை தாமரையையும் தனியாளாகச் சமைத்துப் போட்டு வளர்த்தவர். இரத்தம் ஏற்றும் நாளில் பையனைச் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் லோரிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஊசி குத்துவதைப் பார்க்க அவரால் முடியாது. உள்ளே சிஸ்டர்தான் அவனுக்கு அம்மா, அத்தை, வாத்தியார் எல்லாம்.

ஒவ்வொரு பை இரத்தத்தோடும் இரும்பும் உடம்புக்குள் போகிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். ஏற்றிய இரத்தம் சில வாரங்களில் தீர்ந்துபோகும். இரும்பு தீராது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி தெரியாது. ஈரலில் தங்கும், இருதயத்தில் தங்கும். அதைக் கரைத்து எடுக்கும் மருந்துக்காக, யுகேந்திரன் இரவெல்லாம் வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டு படுக்க வேண்டியிருந்தது. விளையாட்டுப் பிள்ளை, தூக்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவான். அப்பா இரவு லோரியில் இருப்பார், தங்கை சின்னவள். இரும்பு ஏறிக்கொண்டே போனது.

பதினாறு வயதில் அவனுக்கு மாற்றுச் சிகிச்சை நடந்தது. மஜ்ஜை கொடுத்தது தாமரை. இவ்வளவு இரும்போடு இதைத் தாங்குவானா என்று எங்கள் பிரிவின் டாக்டரம்மாவே தயங்கினார். தாங்கினான். தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கண்ணாடி அறைக்குள் கிடந்தபோதும், "சிஸ்டர், தாமரையோட ரத்தம் ஓடுனா நானும் அது மாதிரி வாயாடி ஆயிருவேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தங்கையின் இரத்தம் அவன் உடம்பில் வேர்விட்டது. அதற்குப் பிறகு ஒரு பைகூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

வருடம் முடிந்த அன்று டாக்டரம்மா நாகையாவை உட்காரவைத்து மலாயில் விளக்கினார். நோய் போய்விட்டது, ஆனால் பழைய இரும்பு போகவில்லை. மாதம் ஒரு முறை கொஞ்சம் இரத்தத்தை வெளியே எடுக்க வேண்டும். புது இரத்தம் ஊறும்போது தேங்கிய இரும்பை அது இழுத்துக்கொள்ளும். இப்படியே சில வருடங்கள் செய்தால்தான் ஈரலும் இருதயமும் தப்பும். மலாய் நாகையாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் புரிந்தது, தலையாட்டினார். அன்று சாயங்காலமே சிஸ்டர் லிஃப்ட் வாசலில் கற்கண்டு கொடுத்து, வராதே என்றார். நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கும் தலையாட்டினார்.

இரத்தம் எடுக்க அவர்கள் ஒரே ஒரு முறை வந்தார்கள். மகன் குணமாகிவிட்டானே என்ற தைரியத்தில் நாகையா முதல் தடவையாக உள்ளே வந்து பக்கத்தில் நின்றார். பை நிறைந்தது. மலர் அதை மூடிக் கட்டி மஞ்சள் தொட்டியில் போட்டார். நாகையா தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"எத்தன சாமிய கும்பிட்டு ஏத்துன ரத்தம் சிஸ்டர். இத போயி குப்பையில போடறீங்களே."

"கெட்டது போவட்டும் அண்ணே. பையன் தெம்பா இருக்கான் பாருங்க."

"அதான் சிஸ்டர் நானும் கேக்கறேன். தெம்பா இருக்கற புள்ளகிட்ட எதுக்குலா எடுக்கணும்?"

சிஸ்டருக்கு அன்று வேலை தலைக்குமேல் இருந்தது. அடுத்த தடவை ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கிளம்பும்போது யுகேந்திரன், "கற்கண்டு இல்லையா சிஸ்டர்?" என்று கையை நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, பழக்க தோஷத்தில் பழைய பாட்டையே பாடினார். போ, இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

எங்கள் எழுத்தர் கூப்பிட்டுப் பார்த்தார். நாகையா லோரி கம்பெனி மாறியிருந்தார், நம்பரும் மாறியிருந்தது. யாரும் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? எங்கள் பிரிவில் வராதவன் என்றால் நன்றாக இருக்கிறவன் என்று பொருள். யுகேந்திரன் தலைமுடி முளைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படம் ஒன்று எங்கள் சுவரில் இருந்தது. புதிதாக வரும் பெற்றோர் பயந்து அழுதால் சிஸ்டர் அந்தப் படத்தைத்தான் காட்டுவார். "இவன் பந்திங் பையன். ஒரு தடவகூட திரும்பி வரல, தெரியுமா? அவ்வளவு சௌக்கியம்." அதைக் கேட்டு மனம் தேறிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர். ஒன்பது வருடம் அந்தப் படம் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது.

கடந்த தைப்பூசத்தில் யுகேந்திரன் பத்துமலையில் பால்குடம் எடுத்தான். மகன் பிழைத்ததற்கு நாகையா வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன். பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். விரதத்தில் ஏதோ குறை என்று நாகையா நினைத்தார். கால் வீங்கியதைக் காட்டியபோது நடந்த அலுப்பு என்றார். மேல் கறுத்து வந்தது பட்டறையில் வெயிலில் நின்று மோட்டார்சைக்கிள் பழுது பார்ப்பதால் என்று இருவருமே நம்பினார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று ஆனபிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

சிஸ்டர் முதலில் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சுவரில் இருந்த படத்தையும் எதிரே நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டா இத்தன வருஷமா வரல?" குரல் அவரை மீறிச் சத்தமாக வந்துவிட்டது.

யுகேந்திரன் அப்பாவைப் பார்த்தான். நாகையாதான் பதில் சொன்னார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தவரின் குரல்.

"நீங்கதான சிஸ்டர் வராதன்னு சொன்னீங்க? டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. எங்களுக்கு உங்க வாக்குதான். இந்த வாசப்படி மிதிக்காம காப்பாத்திட்டேன் பாருங்க. ரத்தம் கொறஞ்சிடக் கூடாதுன்னு வாரம் தவறாம சொவரொட்டி, முருங்கக்கீர, பேரீச்சம்பழம். மாசாமாசம் இரும்பு டானிக். ஒரு கொற வெக்கல சிஸ்டர்."

ஆட்டு மண்ணீரலை வாங்கி, கழுவி, மிளகு போட்டு வதக்கி, லோரி ஓட்டிய கையால் ஊட்டியிருக்கிறார் மனிதர். இரும்பு நிரம்பி வழியும் உடம்புக்கு இன்னும் இரும்பு. சிஸ்டர் அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார். மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே இரும்பு அதிகம் ஏறியவர்களுக்குப் பின்னாளில் ஆயுள் எப்படித் தேய்கிறது என்று டாக்டர்கள் கூட்டம் போட்டுப் படம் காட்டும்போதெல்லாம், அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத செய்தி அல்ல. எல்லாம் தெரிந்துகொண்டே கற்கண்டு கொடுத்து வராதே என்று அனுப்பினோமே என்பதுதான் அன்றிலிருந்து அவரைத் தின்கிறது.

பிறகு நடந்ததை நீட்ட எங்களுக்கு மனமில்லை. இரும்பைக் கரைக்கும் மருந்து பகலும் இரவும் ஏறியது. இருதயம் அதற்குள் களைத்துவிட்டிருந்தது, ஈரல் கல்லாகிவிட்டிருந்தது. விடுப்பு நாளிலும் சிஸ்டர் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்துவிடுவார். அவன் மட்டும் மாறவே இல்லை. "சிஸ்டர், பேசாம என்ன பழைய இரும்புக் கடையில போட்டுருங்க. லோரி அப்பாகிட்டயே இருக்கு" என்பான். அவர் சிரிப்பது போல் செய்துவிட்டு மருந்து அறைக்குள் போய் நின்றுகொள்வார். மலர் பின்னாலேயே போய்க் கதவை மூடிக்கொண்டு அழவிடுவார்.

ஆடி மாதத்தில், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று அடம்பிடித்தான். டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். ஜெயராஜ் சக்கர நாற்காலியைத் தள்ள, சிஸ்டர் கூடவே லிஃப்ட் வரை நடந்தார். அவர் கை வழக்கம்போல் சட்டைப்பைக்குள் போனது.

"கற்கண்டு வேணாம் சிஸ்டர்" என்றான் யுகேந்திரன். "இந்தத் தடவ நான் திரும்பி வரணும்."

அவர் கையை வெறுமையாக வெளியே எடுத்தார். கதவு மூடும்போது அவன், "வரேன் சிஸ்டர்" என்றான். எங்கள் பிரிவிலிருந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன் அவன் ஒருவன்தான். மறுநாள் விடியலில் பந்திங்கில், தூக்கத்திலேயே போய்விட்டான். இருபத்தாறு வயது.

சிஸ்டரும் மலரும் துக்கத்துக்குப் போனார்கள். தாமரை சிஸ்டரைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள்: "நான் குடுத்தது கெட்டுப்போவல இல்ல சிஸ்டர்? அண்ணன் ஒடம்புல ஓடுனது என் ரத்தந்தான?" கெடவில்லை என்றார் சிஸ்டர். அது உண்மை. கடைசிச் சோதனையிலும் அந்த இரத்தத்தில் பழுதில்லை. தாமரை சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

உள் அறையில் அவனுடைய கட்டில் கதவை மறித்துக்கொண்டு கோணலாகக் கிடந்தது. ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஏன் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று மலர் கேட்டார். நாகையா விளக்கினார். முன்பு கிழக்கே தலைவைத்துத்தான் படுப்பானாம். கிழக்கு நல்ல திசைதான். ஆனால் எங்கள் மருத்துவமனை காஜாங் பக்கம், அவர் வீட்டுக்குக் கிழக்கே. சிஸ்டர் சொன்ன அன்றே கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டாராம். ஒன்பது வருடம் அந்த வீட்டில் எல்லோரும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார்கள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. சிஸ்டர் முறைப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து நாகையா கூப்பிட்டார். பந்தலில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"எங்கள வராதன்னு சொன்னீங்க. நீங்களாச்சும் வாங்க சிஸ்டர்."

அது கோபமா, ஏக்கமா, பழிப்பா என்று மலருக்கு இன்றுவரை தெரியவில்லை. சிஸ்டருக்கும் தெரியவில்லை. இரண்டு முறை பந்திங் பஸ் நிற்கும் இடம்வரை போய், ஏறாமல் திரும்பியிருக்கிறார்.

அவையோரே, அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். கற்கண்டு டப்பாவை ஜெயராஜிடம் கொடுத்து எங்கேயாவது கொட்டச் சொன்னார். தாம் வழியனுப்பிய ஒவ்வொருவரையும் தேடிக் கூப்பிட்டார். பல நம்பர்கள் இல்லை. சில வீடுகளில் அவர் கேட்டவர் இல்லை. ஒரு தாய், "நல்லா இருக்கற புள்ளய ஆஸ்பித்திரிக்கு கூப்புடாதீங்க சிஸ்டர், உங்க வாயால நீங்கதான வராதன்னு சொன்னீங்க" என்று போனை வைத்துவிட்டார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் சிலருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. ரயிலில் மலரிடம் அவர் சொன்னது இது: "நான் ஒரு வேலைய முப்பத்தஞ்சு வருஷமா சந்தோஷமா தப்பா செஞ்சிருக்கேன்."

எங்கள் அன்பிற்கினிய அம்மையாரே! இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம். உங்கள்மேல் தவறே இல்லை என்று சொல்ல இந்த மடல் வரவில்லை. அதை முன்பே சொல்லிப் பார்த்தோம், நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். கைதட்டிய கைகள் எங்களுடையவை. ஆறுதலுக்கு என்று எங்களிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. அழுத கண்களைத் துடைத்த அன்னையே, உங்கள் கண்ணீரைத் துடைக்க எங்களுக்குத் துணி இல்லை. வலித்த உடல்களை வருடிய வள்ளலே, உங்கள் வலிக்கு எங்கள் மருந்து அறையில் மருந்து இல்லை.

பாராட்டு மடலின் முடிவில் நூறாண்டு வாழ்க என்று எழுதுவது உலக வழக்கம். ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டீர்கள்: "அந்த நூறு வருஷத்த மட்டும் எழுதாதீங்க மலர்." எழுதவில்லை. மாலை, சால்வை, பொற்பதக்கம் எதுவும் வேண்டாம் என்றீர்கள். வாங்கவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தோம். இந்த விழாவுக்கு வரும்படி நாகையாவை அழைத்தோம். முடியாது என்றார். பிறகு மலரிடம் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே இங்கே எழுதுகிறோம்.

"நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் தங்கச்சி. சிஸ்டர இங்க வரச் சொல்லு. புள்ள கட்டிலு இன்னும் குறுக்கதான் கெடக்கு. தாமரை தொட மாட்டேங்குது. எனக்கும் ஒத்த ஆளா கை வரல. சிஸ்டர் வந்து ஒரு பக்கம் புடிச்சா, திருப்பிப் போட்டுருவேன்."

நாளை காலை ஜெயராஜ் காரோடு கிள்ளானில் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

போய் வாருங்கள், சிஸ்டர்.

கண்கலங்கிய கரங்கூப்பலுடன்,
பகல்நேர இரத்தச் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்